கடைசி ஆளுக்கான தண்ணீர்

கென்னடி மெடோஸ், கலிபோர்னியா
மே 30

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் எனக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்தது. கடைக்காரர் பார்சல் குவியலிலிருந்து அதை உருவிக் கொடுத்ததும், முதுகுப்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே படித்தேன். பிறகு மரத் திண்ணையில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்கிறாய். உன் வழக்கம் எனக்குத் தெரியாதா? அடுத்த கடிதத்தில் அம்மாவைப் பற்றி விரிவாக எழுது. இரவில் தூங்குகிறாரா, உன்னை அடையாளம் தெரிகிறதா, உனக்கு மாற்றாக ஒரு மணி நேரமாவது யாராவது வந்து உட்காருகிறார்களா, எல்லாவற்றையும் எழுது.

நான் நலம். 702 மைல் நடந்து வந்திருக்கிறேன். இந்தப் பசிபிக் க்ரெஸ்ட் டிரெயில் மெக்சிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லையில் முடிகிறது. மொத்தம் 2,650 மைல், நம் கணக்கில் நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அதில் முதல் எழுநூறு மைலைப் பாலைவனப் பகுதி என்கிறார்கள். அது இந்த இடத்தோடு முடிகிறது. இங்கு ஒரு வழக்கம் உண்டு. யார் நடந்து வந்து சேர்ந்தாலும், திண்ணையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டி வரவேற்பார்கள். எனக்கும் தட்டினார்கள். அழுதுவிட்டேன்.

முன்பின் தெரியாதவர்களை நம்பிப் பாலைவனத்தில் எப்படி நடக்கிறாய் என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். அதற்கே இந்தக் கடிதம் முழுவதும் போய்விடும் போலிருக்கிறது.

தெற்கு முனையிலிருந்து நெடுந்தூரம் நடக்க ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குத்தான் அனுமதி தருகிறார்கள். அதனால் உனக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு நாளில் கிளம்பியவர்களே மறுபடி மறுபடி கண்ணில் படுகிறார்கள். ஐந்தாம் நாள் நண்பகலில் 77-ஆம் மைலை எட்டினேன். சிசர்ஸ் கிராசிங் என்று பெயர். அங்கே நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் மட்டும்தான் நிழல். ஏற்கெனவே மூன்று பேர் செருப்பு, காலுறை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் படுத்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, ஒருவர் மட்டும் தன் பையை இழுத்து எனக்கு இடம் விட்டார். அங்கிருந்து அடுத்த ஊற்று 24 மைல் தள்ளி, அதுவும் சான் ஃபெலிபே மலைச்சரிவில் மரமே இல்லாத பாதையில். வெயில் தாழட்டும் என்று நான்கு பேரும் காத்திருந்தோம். நாலரை மணிக்குச் சேர்ந்து கிளம்பினோம். அதுதான் தொடக்கம்.

இந்தப் பாதையில் யாரும் சொந்தப் பெயரோடு இருப்பதில்லை. உடன் நடப்பவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள். எனக்கு இடம் விட்டவர் பெயர் கமா. அறுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற செவிலியர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடப்பார். வாக்கியத்தின் நடுவே விழுகிற காற்புள்ளி மாதிரி. இரண்டாமவன் ஸ்பூன், கல்லூரி மாணவன். கரண்டியை முதல் நாளே தொலைத்துவிட்டு, கூடார முளையால் சாப்பிட்டவன். மூன்றாமவர் ஆணி என்று அழைக்கப்படும் தச்சர். ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினால் அதிகம். வெள்ளி நிறத் துணி போட்ட குடையோடு வந்ததால் என் பெயர் குடை என்றாயிற்று.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். நாலரைக்கு விழிப்பு. பெரும்பாலும் கூடாரம் போடுவதில்லை, வானத்துக்குக் கீழேயே பாயை விரித்துவிடுகிறோம். எழுந்ததும் முதல் வேலை, காலணியைக் கவிழ்த்து உதறுவது, தேள் இருக்கக்கூடும். பகலில் உடலைப் பொசுக்கும் அதே இடத்தில் அந்த நேரத்துக் குளிரில் விரல்கள் மடங்க மறுக்கும். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், யாரும் பேசாமல் நடப்போம். கிழக்கு வெளுக்கும்போது ஒவ்வொருவரும் அவரவர் வேகத்துக்குப் பிரிந்துவிடுவோம். ஸ்பூன் முன்னால் போய்ப் புள்ளியாகி மறைந்துவிடுவான். பத்து மணிக்குள் பத்து மைல். பிறகு எங்காவது ஒரு ஜூனிப்பர் மரமோ பாறை மடிப்போ கிடைத்தால் மாலை வரை அங்கேதான். காலணியைக் கழற்றி, காலுறையை வெயிலில் போட்டு, விரலிடுக்கில் சேர்ந்த மணலைத் துடைத்து, கொப்புளம் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே டேப் ஒட்டுவோம். என் பாதத்தை இத்தனை அக்கறையோடு ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. மாலையில் இன்னும் ஆறேழு மைல். ஒன்பது மணியை 'நடப்பவர்களின் நள்ளிரவு' என்கிறார்கள். அதற்கு முன்பே எல்லோரும் தூங்கியிருப்போம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நூடுல்ஸ், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய். பசி ருசி அறியாது.

தண்ணீரைப் பற்றித்தான் நாள் முழுவதும் பேச்சு. நாலைந்து மைலுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள். இருபத்தைந்து மைல் வறண்ட பாதை என்றால் ஆறு லிட்டர், அதாவது முதுகில் ஆறு கிலோ. ஆடுமாடுகள் குடிக்கும் தொட்டி, பாறையில் கசியும் ஊற்று, விலங்குகளுக்காக மழைநீர் சேர்த்து வைத்த நிலத்தடித் தொட்டி, எதுவானாலும் வடிகட்டிக் குடிக்கிறோம். தன்னார்வலர்கள் சில இடங்களில் பெரிய கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். முகம் தெரியாத அந்த மனிதர்களை நினைக்காத நாளில்லை. ஆனால் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. நீ போகும்போது கேன்கள் காலியாகக் கிடக்கலாம்.

கமா எங்களுக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவர், கடைசி ஆள் வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. அதோடு, அந்தக் கடைசி ஆளுக்காக ஒரு லிட்டரை வடிகட்டி உப்புத்தூள் கலந்து தயாராக வைத்திருக்க வேண்டும். வியர்த்து வியர்த்து வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும், குழப்பம் வரும். மருத்துவமனையில் அதைப் பலமுறை பார்த்தவர் அவர். வந்தவுடன் சிறுநீரின் நிறத்தைக் கேட்பார். ஸ்பூன் முதலில் கூச்சத்தில் நெளிந்தான், பிறகு தானே சொல்லிவிடுவான். பகல் முழுவதும் தனியாகத்தான் நடக்கிறோம் மல்லிகா, ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரிவதில்லை. ஆனால் பத்து மைலுக்கு அப்பால் எனக்கென்று ஒரு லிட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும். அந்த ஒரு நினைப்பில் எத்தனை மேடுகள் ஏறியிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. நீ கேட்ட நம்பிக்கை எனக்கு இப்படித்தான் வந்தது. பெரும்பாலும் கடைசியாக வருகிறவர் கமாதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சான் ஹசிந்தோ மலையிலிருந்து இறங்கிய நாளை மறக்க மாட்டேன். காலையில் பைன் மரங்களுக்கு அடியில் பனித்திட்டு. மாலையில் கள்ளிச் செடியும் அனலும். சுமார் இருபது மைலில் ஆறாயிரம் அடிக்கும் மேல் இறக்கம். வளைந்து வளைந்து, அடிவாரத்து நெடுஞ்சாலை காலையிலேயே கண்ணுக்குத் தெரிந்தும் மாலைவரை கைக்கு எட்டாமல். ஐந்திணையில் பாலைக்கு மட்டும் தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் அதுவே பாலை என்று பரீட்சைக்காக நீயும் நானும் மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? அன்று அதைக் காலால் நடந்து பார்த்தேன். பாலைக்கு உரிய பொருள் பிரிவு என்பது மட்டும் அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த இறக்கத்தில்தான் கமாவின் கால் போயிற்று. முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரம் வீங்கிவிட்டது. அடிவாரக் குழாயடியில் நாங்கள் மூவரும் இரவு எட்டரை வரை காத்திருந்தோம். பிறகு ஆணி ஒன்றும் சொல்லாமல் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு பைகளையும் தான் சுமந்துகொண்டு, அவரை முன்னால் நடக்கவிட்டு வந்தார். மறுநாள் பக்கத்து ஊர் மருத்துவர், குறைந்தது இரண்டு வாரம் ஓய்வு என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் அந்த ஊர் விடுதியில் அவரோடு இருந்தோம். இன்னும் இருந்திருக்கலாமா? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. வடக்கே வாஷிங்டன் மாநில மலைகளில் பனி விழத் தொடங்குவதற்குள் கனடாவை எட்ட வேண்டும், கோடை முற்றுவதற்குள் மொஹாவே பாலைவனத்தைக் கடக்க வேண்டும், காரணங்கள் எல்லாம் சரியானவைதான். மூன்றாம் நாள் காலை அவரே எங்கள் பைகளை வாசலில் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். "என் வேகத்தில் நான் வருவேன், உங்கள் வேகத்தில் நீங்கள் போங்கள்" என்றார். குரலில் வருத்தமே இல்லை. கட்டிக்கொண்டபோது அவர் தோள் மட்டும் நடுங்கியது. எது சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் போனோம்.

அதன்பிறகு வழியில் எங்கெல்லாம் நடப்பவர்கள் கையெழுத்திடும் பதிவேடு இருந்ததோ, அங்கெல்லாம் கமாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டுத்தான் வந்தோம். எழுதியதெல்லாம் தண்ணீரைப் பற்றியே. ஊற்று எந்தப் பக்கம், நீர் எவ்வளவு, அடுத்தது எத்தனை மைல். கடைசி ஆளுக்கு வைக்கும் ஒரு லிட்டரை இப்படித்தான் எங்களால் வைக்க முடிந்தது.

அவர் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டார் மல்லிகா! செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவி எல்லோரிடமும் இருக்கிறது. நேற்று அதில் வந்தது. 369-ஆம் மைல், ரைட்வுட் ஊருக்கு வந்துவிட்டாராம். நாளுக்குப் பத்து மைல்தான், ஆனால் கால் தாங்குகிறதாம். பதிவேடுகளில் எங்கள் எழுத்தைப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார்.

மகிழ்ச்சியோடு கூடவே பயமும் வந்துவிட்டது. அவருக்கு இனிமேல்தான் கால்வாய்ப் பாதை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக 1913-இல் திறக்கப்பட்ட கால்வாய் அது. மொஹாவே பாலைவனத்தின் ஓரத்தில் ஏறக்குறைய பதினேழு மைலுக்கு நம் பாதை அதை ஒட்டியும் அதன் மேலேயும் போகிறது. பெரும்பகுதியை மூடிவிட்டிருக்கிறார்கள்; காலடியில் ஒரு நகரம் குடிக்கும் தண்ணீர் ஓடுகிறது, மேலே நடக்கிறவன் பாட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகிறான். நிழல் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. நாங்கள் மூவரும் இரவில் கடந்தோம். ஜோஷுவா மரங்கள் இருட்டில் கை தூக்கி நிற்கும் ஆட்களைப் போலத் தெரிந்தன. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் சேர்ந்து மினுங்கி அணைந்தன. நாங்கள் மே நடுவில் போனோம். அவர் போகும்போது ஜூன் பாதியாகிவிடும். அதற்கும் வடக்கே, வாக்கர் பாஸ் என்ற கணவாய்க்கு முன்னால் சுமார் 35 மைலுக்கு நம்பத்தகுந்த ஊற்றே இல்லை.

எனக்கு முன்னால் இருப்பது சியரா மலைத்தொடர். பனி, ஆறுகள், கரடி. உணவைக் கரடிக்கு எட்டாமல் வைக்க ஒரு கனமான டப்பாவைச் சுமந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. இன்று அது பார்சலில் வந்துவிட்டது. அதைப் பைக்குள் திணித்துப் பார்த்தபோது எதையாவது குறைத்தாக வேண்டும் என்று புரிந்தது. எதை என்பதில் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பழமும் ரொட்டியும் காரில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்த ஒரு தம்பதி இன்று மாலை திரும்புகிறார்கள். அவர்கள் போகும் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில்தான் அகுவா டல்சே. பாதை அந்த ஊர்த் தெரு வழியாகவே போகிறது. கமா அங்கு வந்து சேர இன்னும் எட்டு நாளாவது ஆகும். அங்கே தெரிந்த ஒருவர் வீட்டில் குடையைக் கொடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கமாவுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன். ஆணி உட்கார்ந்து, குடைக் காம்பைப் பையின் தோள்பட்டையில் கட்டிக்கொள்ள வசதியாக நூல் சுற்றி ஒரு கொக்கி செய்து கொடுத்தார். ஒரு கம்பி கொஞ்சம் வளைந்திருந்ததையும் நிமிர்த்திவிட்டார். ஸ்பூன் கால்வாய்ப் பாதையில் தண்ணீர் கிடைத்த இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, நனையாமல் இருக்க டேப் ஒட்டி, குடைத் துணியின் உள்பக்கம் செருகியிருக்கிறான்.

நாளை மறுநாள் விடியலில் கிளம்புகிறோம். அடுத்த கடிதத்தை இண்டிபென்டன்ஸ் ஊர் அஞ்சலகத்துக்கு, ஜெனரல் டெலிவரி (நேரில் வந்து வாங்கிக்கொள்ளும் முறை) என்று குறித்து அனுப்பு. போன முறை போலவே என் முழுப் பெயரையும் எழுது. அம்மாவின் கையை எனக்காக ஒருமுறை பிடித்துக்கொள். காரில் சாமான் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள், குடையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
தேவகி