ஓட்டோ சாரதிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அண்ணன்மார், காக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தரிப்பிடத்துக்குக் கூரை போட்டாயிற்று, கல்லடிப் பாலத்தடி வரிசைப் பிரச்சினையும் ஒருமாதிரி தீர்ந்தது. மிச்ச நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுக்கிறேன், வருத்தம் வந்த பிறகும் ஓட்டோ ஓட்டுவதைப் பற்றி.

எங்களில் கனபேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அனுமதிப்பத்திரத்துக்காகத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் சான்றிதழ் எடுத்தோம், அதோடு சரி, அடுத்த 8 ஆண்டுக்கு அந்தப் பக்கம் போவதில்லை. அதற்குள் கண்ணும் காலும் மாறிவிடுகின்றன, மாறியதை வெளியே சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று வாயைத் திறக்காமல் ஓட்டுகிறோம். அந்தப் பயத்தோடு ஓட்டுவது எங்களுக்கும் நல்லதல்ல, பின்சீற்றில் இருக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல.

அதனால்தான், வருத்தத்துக்குப் பிறகு அன்றாட வேலைகளை மறுபடி செய்ய உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரை அழைத்தோம். கைகால் பயிற்சி சொல்லித் தருபவர் என்றுதான் பலரும் நினைத்திருந்தோம், வந்தவரோ ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து, இந்த வேலைக்கு உடம்பில் எது எது வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். கிளச்சும் கியரும் இடது கையில், எக்ஸிலேட்டர் வலது கையில், பிரேக் வலது காலில். பாரிசவாதத்தில் இடது கை தளர்ந்தால் கியர் மாற்றுவதே பாடு. சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போனால் பிரேக்கில் கால் சரியாக இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது, 50 கிலோமீற்றர் வேகத்திலோ ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட 14 மீற்றர் போய்விடுவோம். பாரிசவாதம் வந்த சிலருக்கு இடது பக்கம் இருப்பது கண்ணில் பட்டும் மனதில் பதியாதாம். காத்தான்குடி ஈச்சமரத் தெருவில் எங்களுக்கு இடது பக்கமாகத்தானே சைக்கிள்காரர் எல்லோரும் போகிறார்கள், அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது.

கவனம் எப்படி என்று பார்க்க, எண்களையும் எழுத்துகளையும் மாறிமாறிக் கோட்டால் இணைக்கும் சோதனையும் வைத்தார். அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, ஓட்டியும் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் பயிற்றுநருக்கும் தனி பிரேக் உள்ள காரில், சிகிச்சையாளர் பின்னால் இருந்து பார்ப்பாராம். ஓட்டோவில் இரண்டாவது பிரேக் ஏது? வெறும் மைதானத்தில்தான் பார்த்தோம். பாரிசவாதம் வந்து தேறிய அண்ணன் ஒருவர், டாக்டரும் சம்மதித்த பிறகு, இப்போது பகலில் கிட்டத்து ஹயர் மட்டும் எடுக்கிறார். இன்னொருவரை ஓட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. அவர் வீட்டுக்குள் முடங்கிவிடக்கூடாது என்று தரிப்பிட வரிசைப் புத்தகத்தை அவரிடமே கொடுத்தோம், நாங்கள் செய்தவற்றில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

குளிசை விடயமும் முக்கியம். இன்சுலின் போடுகிறவர்களும், சீனியைச் சட்டென்று இறக்கும் குளிசை எடுப்பவர்களும் ஹயர் கிடைத்தது என்று பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போடக்கூடாது. நோன்பு பிடிப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் இப்படியான சாரதிகளுக்குச் சொல்லும் இரத்தச் சீனிக் கணக்கு 5 (mmol/L), எங்கள் மெஷினில் அது 90 (mg/dL). அதற்குக் கீழே இறங்கினால் ஏதாவது சாப்பிட வேண்டும். 70க்கும் கீழே போனாலோ நடுக்கம் வந்தாலோ ஓட்டோவை ஓரங்கட்டி இனிப்பு சாப்பிட்டு, சீனி சரியான பிறகும் 45 நிமிடம் பொறுக்கச் சொல்கிறார்கள். தடிமனுக்குப் பிரிட்டன் (Piriton) குளிசை போட்டுவிட்டு ஹயர் ஓடவே வேண்டாம், நித்திரை தூக்கும். கண்ணில் வெண்படலம் படர்ந்தவர்கள் சத்திரசிகிச்சை முடியும்வரை இரவு ஓட்டத்தை விடுங்கள், எதிர் வாகன வெளிச்சம் அவர்களுக்குத் தெருவையே மறைத்துவிடும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. பாரிசவாதம், வலிப்பு, மயக்கம், மாரடைப்பு என்று வார்ட்டில் இருந்து வந்தவர், டாக்டரும் சிகிச்சையாளரும் பார்த்துச் சரி சொல்லும்வரை வரிசையில் நிற்கக்கூடாது. அதுவரை அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டோம், நலநிதியில் இருந்து வட்டியில்லாக் கைமாற்றும் கொடுப்போம். இந்த இரண்டு உறுதியும் இல்லாவிட்டால் யாரும் வருத்தத்தைச் சொல்லப்போவதில்லை, ஆகவே தீர்மானத்தை முழுதாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கைமாற்றுத் தொகை எவ்வளவு என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும்.