வெற்றி வலிமைக்கு முன்னால் நேரடி ஆட்டங்கள்: என்எஃப்எல் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், நான்கு அணிகள் கொண்ட பிரிவான ஒரு டிவிஷனில் இரண்டு அணிகள் ஒரே வெற்றி-தோல்விக் கணக்கில் பருவத்தை முடித்தால் எது மேலே என்று சொல்ல உங்கள் விதிப்புத்தகத்தில் 12 படிகள் உள்ளன. அவற்றில் ஒரே ஒரு படியைச் சேர்க்கும்படி கேட்கிறோம். ஐந்தாம் படியான 'வெற்றி வலிமை'க்கு (தோற்கடித்த அணிகளின் வெற்றிக் கணக்குக்கு) போவதற்கு முன், அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள்.

2024 பருவத்தின் என்எஃப்சி வெஸ்ட் டிவிஷனை எடுத்துக்கொள்வோம் (என்எஃப்சி என்பது லீக்கின் இரு பாதிகளான கான்ஃபரன்ஸ்களில் ஒன்று). 17ஆம் வாரம் சனிக்கிழமை அரிசோனாவை 13-9 என வென்று லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 10-6க்கு (10 வெற்றி, 6 தோல்வி) வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு சிகாகோவை 6-3 என வென்ற சியாட்டில் சீஹாக்ஸ் 9-7. கடைசி வாரம் இவ்விரு அணிகளும்தான் மோத வேண்டும். சீஹாக்ஸ் வென்றால் இரண்டும் 10-7. டிவிஷன் பட்டம் யாருக்கு என்பதை அந்த ஆட்டம் முடிவு செய்யும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஞாயிறு இரவு மேரிலாந்தின் லேண்டோவரில் வாஷிங்டன் கமாண்டர்ஸ், அட்லாண்டா ஃபால்கன்ஸைக் கூடுதல் நேரத்தில் 30-24 என வென்றதும் பட்டம் ராம்ஸுக்கு உறுதியாகிவிட்டது. அன்று ராம்ஸும் ஆடவில்லை, சீஹாக்ஸும் ஆடவில்லை.

இது எப்படி நடந்தது என்று படிப்படியாகப் பார்ப்போம். நேரடி ஆட்டங்கள்: சீஹாக்ஸ் கடைசி வாரம் வென்றால் 1-1. டிவிஷன் ஆட்டங்கள்: இருவருக்கும் 4-2. பொது எதிராளிகளுடன் ஆடிய 12 ஆட்டங்கள்: இருவருக்கும் 7-5. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்: இருவருக்கும் 6-6. நான்கு படியிலும் இம்மி பிசகாத சமநிலை. ஐந்தாவது, வெற்றி வலிமை. ஓர் அணி தோற்கடித்த அணிகள் எல்லாம் பருவம் முழுக்க எத்தனை ஆட்டங்களை வென்றன என்று கூட்டி, அந்த அணிகளின் மொத்த ஆட்டங்களால் வகுக்க வேண்டும். இருமுறை தோற்ற அணியை இருமுறை எண்ண வேண்டும். சமனில் முடிந்த ஆட்டம் அரை வெற்றி.

பத்து வெற்றி, வென்ற அணி ஒவ்வொன்றுக்கும் 17 ஆட்டம், ஆக வகுக்கும் எண் 170. ராம்ஸ் வென்றது சான் பிரான்சிஸ்கோவை இருமுறை (6+6), அரிசோனா (8), சியாட்டில் (10), மினசோட்டா (14), பஃபலோ (13), நியூ இங்கிலாந்து (4), ஜெட்ஸ் (5), நியூ ஆர்லியன்ஸ் (5), லாஸ் வேகஸ் (4). கூட்டினால் 75. சீஹாக்ஸின் பத்து வெற்றிகளைக் கூட்டினால் 72. தசமத்தில் .441, .424. 170இல் மூன்றே மூன்று வெற்றி வித்தியாசம். அந்த மூன்றும் ராம்ஸோ சீஹாக்ஸோ களத்தில் இல்லாத ஆட்டங்களில் கிடைத்தவை. அட்லாண்டாவைச் சீஹாக்ஸ் வென்றிருந்தது. ஆகவே அட்லாண்டா தோற்கத் தோற்கச் சீஹாக்ஸின் எண் இறங்கியது. லேண்டோவரில் நடந்தது அதுதான்.

விளைவு தெரிந்ததே. 18ஆம் வாரம் ராம்ஸ் தன் முன்னணி ஆட்டக்காரர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்து, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் மாற்று ஆட்டக்காரர் ஜிம்மி கராப்பலோவை இறக்கியது. சீஹாக்ஸ் 30-25 என வென்றது. 10-7 எடுத்தும் பிளே-ஆஃப் இல்லை. ராம்ஸ் மீது எந்தத் தவறும் இல்லை. ஆட்டத்துக்குப் பயன் இல்லாதபோது காயத்துக்கு அஞ்சுவது எந்தப் பயிற்சியாளருக்கும் கடமை. தவறு படிகளின் வரிசையில் இருக்கிறது.

நேரடி ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் ஐந்தாம் படியாக இருந்திருந்தால்? நவம்பர் 3 அன்று சியாட்டிலில் நடந்த முதல் ஆட்டத்தை ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-20 என வென்றது. இரண்டையும் அப்படியே கூட்டினால் ராம்ஸ் 51, சீஹாக்ஸ் 50. பட்டம் அப்போதும் ராம்ஸுக்கே. ஆனால் கடைசி வாரம் சீஹாக்ஸ் ஏழு புள்ளி வித்தியாசத்தில் வென்றால் பட்டம் கைமாறும் என்ற நிலையில் ராம்ஸ் முழு அணியையும் இறக்கியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் வர விரும்பவில்லை. 1994இல் கரீபியக் கோப்பைக் கால்பந்தின் தகுதிச் சுற்றில் பார்படாஸ், கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது. கூடுதல் நேரத்தில் விழும் கோல் இரண்டாக எண்ணப்படும் என்று விதி. 2-1 என முன்னிலையில் இருந்த பார்படாஸ் ஆட்டம் முடியும் தறுவாயில் வேண்டுமென்றே தன் வலையிலேயே பந்தை அடித்து, ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோய் வென்றது. புள்ளி வித்தியாசமும் கூடுதல் நேரமும் சேர்ந்தால் ஓர் அணி வேண்டுமென்றே சமன் செய்ய நினைக்கும் நிலைமை வரலாம். எனவே எங்கள் கோரிக்கையில் கூடுதல் நேரப் புள்ளிகளுக்கு இடமில்லை. முதல் 60 நிமிடக் கணக்கு மட்டும். அப்படிப் பார்த்தால் நவம்பர் ஆட்டம் 20-20. இரண்டும் சேர்ந்து சீஹாக்ஸ் 50, ராம்ஸ் 45. பட்டம் சியாட்டிலுக்குப் போயிருக்கும். சியாட்டிலுக்காக வாதாட வரவில்லை. கடைசி வாரம் 60 நிமிடத்துக்குள் வெல்பவருக்கே பட்டம் என்று இருந்திருக்கும், அதுவே எங்களுக்கு வேண்டியது.

புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தால் பலவீனமான அணிகளைப் போட்டு நசுக்குவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு உண்டு. புள்ளி வித்தியாசத்தை 9, 10ஆம் படிகளுக்குத் தள்ளி வைத்திருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறோம். கிரிக்கெட்டில் நிகர ரன் விகிதத்துக்காக நடக்கும் துரத்தல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும். ஆனால் இங்கே எண்ணப்படுவது 17இல் இரண்டே ஆட்டம், அதுவும் பட்டத்துக்குப் போட்டியிடும் இரு அணிகளுக்கு இடையில். மூன்றாவது அணி எதுவும் அடிவாங்காது.

மூன்று அணிகள் சமமானால் இந்தப் படி வேண்டாம். அங்கே இப்போதைய விதியே நன்றாக வேலை செய்கிறது. 2025 பருவத்தில் என்எஃப்சி சவுத்தில் கரோலினா, டம்பா பே, அட்லாண்டா மூன்றும் 8-9. சனிக்கிழமை கரோலினாவை 16-14 என வென்ற டம்பா பே, இருவருக்கிடையேயான கணக்கில் பொது எதிராளிகள் படியில் மேலே இருந்தது. மறுநாள் நியூ ஆர்லியன்ஸை அட்லாண்டா 19-17 என வென்றதும் அது மூவர் கணக்காக மாறியது. மூவருக்குள் ஆடிய ஆட்டங்களில் கரோலினா 3-1, டம்பா பே 2-2, அட்லாண்டா 1-3. பட்டம் கரோலினாவுக்கு. மூன்றாம் அணி புகுந்து கெடுத்துவிட்டது என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நாங்கள் சேரவில்லை. மூவருக்குள் நடந்த ஆறு ஆட்டங்களே தீர்ப்புச் சொல்லின.

டிவிஷன் பட்டம் வெல்லாத அணிகளுக்கான பிளே-ஆஃப் இடமான வைல்ட் கார்டில் வெற்றி வலிமையைத் தவிர்க்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 2010இல் கிரீன் பே, நியூயார்க் ஜயண்ட்ஸ், டம்பா பே மூன்றும் 10-6. ஜயண்ட்ஸை கிரீன் பே 45-17 என வென்றிருந்தும் அந்த வெற்றி கணக்கில் வரவில்லை. வெவ்வேறு டிவிஷனைச் சேர்ந்த மூன்று அணிகள் என்றால், ஓர் அணி மற்ற இரண்டையும் வென்றிருந்தாலோ இரண்டிடமும் தோற்றிருந்தாலோதான் நேரடி ஆட்டம் எண்ணப்படும். டம்பா பேயுடன் மற்ற இருவரும் மோதவே இல்லை. வெற்றி வலிமையில் உள்ளே வந்த கிரீன் பே அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையே வென்றது. ஒருவரையொருவர் சந்திக்காத அணிகளுக்கு வேறு அளவுகோல் கிடையாது. ஒரே டிவிஷனில் ஆண்டுக்கு இருமுறை மோதும் அணிகளுக்கு அது இருக்கிறது.

இதனுடன் ஒரு சிறிய வேண்டுகோள். 15ஆம் வாரத்திலிருந்து நீங்கள் வெளியிடும் நிலைப்பட்டியலில் ஒவ்வொரு சமநிலைக்கும் எந்தப் படியில், எந்த எண்ணில் முடிவானது என்பதையும் அச்சிடுங்கள். வைல்ட் கார்டு கணக்கில் பெரும்பாலோர் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலில் ஒவ்வொரு டிவிஷனிலும் ஓர் அணியை மட்டும் நிறுத்திவிட்டுத்தான் டிவிஷன்களைத் தாண்டி ஒப்பிட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓர் அணி விலகியதும் மீதமுள்ளவர்களை மறுபடி முதல் படியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதையும் விட்டுவிட்டு, நின்ற படியிலிருந்தே தொடர்கிறார்கள்.

விதி மாற 32 உரிமையாளர்களில் 24 பேர் வாக்கு வேண்டும் என்பதை அறிவோம். அவர்கள் முன் வைக்க, நாங்கள் கேட்கும் வாசகம் இதுதான்: "ஒரே டிவிஷனைச் சேர்ந்த இரண்டு அணிகள் மட்டும் சமநிலையில் இருந்து, முதல் நான்கு படிகளிலும் பிரியாவிட்டால், அவ்விரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய வழக்கமான பருவ ஆட்டங்களில், கூடுதல் நேரம் நீங்கலாக, அதிக நிகரப் புள்ளி பெற்ற அணி மேலிடம் பெறும். அதிலும் சமமானால் வெற்றி வலிமை பார்க்கப்படும்."

இப்படிக்கு,
என்எஃப்எல் ஆட்டங்களையும் அதன் கணக்குகளையும் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள்