ஓட்டப் பட்டியலையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த சனிக்கிழமை நடந்த பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டி பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்தேன். யார் வென்றது, எத்தனை ஓட்டங்களால் வென்றது, அவ்வளவுதான். மிச்ச இடம் முழுக்கக் கிண்ணம் கொடுக்கும் படம். அதில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் விருந்தினர். ஏழாவதாக இறங்கி இரண்டு மணித்தியாலம் நின்றுபிடித்த பொடியனின் பெயர் எங்கேயும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். முப்பது வருடத்துக்கு மேல் பாடசாலை ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன். ஆகையால் இதைக் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் பேரனுக்குப் பேஸ்போல் பைத்தியம். நத்தார் விடுமுறைக்கு வந்தபோது, 1959 மே 26ஆம் திகதி அமெரிக்காவின் மில்வோக்கியில் நடந்த ஓர் ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலைக் கைபேசியில் காட்டினான். அந்த விளையாட்டின் அரிச்சுவடிகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் பட்டியல் பட்டியல்தானே, வாசிக்கத் தொடங்கிய பிறகு விட முடியவில்லை.

பிற்ஸ்பேர்க் அணிக்கு எறிந்தவர் ஹாவி ஹடிக்ஸ் என்ற இடக்கையர். வழமையாக ஒன்பது இன்னிங்ஸில் முடிகிற ஆட்டம்; மூன்று பேர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும். இவரோ பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை எதிரே வந்த 36 பேரையும் வரிசையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருவர்கூட முதலாம் தளத்தை மிதிக்கவில்லை. மற்றப் பக்கம் மில்வோக்கியின் லூ பேடெற் 12 அடிகள் (ஹிற்) வாங்கியும் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. 13ஆவது இன்னிங்ஸில் ஒரு களத்தடுப்புப் பிழை, தான் ஆட்டமிழந்து மற்றவனை முன்னே அனுப்பும் ஒரு தட்டு, ஹாங்க் ஆரோனுக்கு வேண்டுமென்றே சும்மா விட்ட தளம், அப்புறம் ஜோ அட்கொக்கின் அடி. பந்து வேலிக்கு வெளியே போய்விட்டது. ஆனால் பட்டியலில் அது ஹோம் ரன் (எங்கள் ஆறு ஓட்ட அடி மாதிரி) இல்லை, இரண்டு தள அடி! ஏனடா என்று பேரனைக் கேட்டேன். பந்து வேலிக்குள் விழுந்தது என்று நினைத்த ஆரோன் இரண்டாம் தளத்தோடு திரும்பிவிட்டார், பின்னால் ஓடி வந்த அட்கொக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் தாண்டியவர் ஆட்டமிழப்பு. ஆகவே களத்தடுப்புப் பிழையால் தளம் ஏறியவனின் ஓட்டம் மட்டும்தான் கணக்கு, முடிவு 1-0. தோற்றது ஹடிக்ஸ்.

1991இல் விதியைத் திருத்தி, அடியே விழாத ஆட்டங்களின் வரிசையிலிருந்து இதை எடுத்தும் விட்டார்களாம். பேரனுக்கு அதில் பெரிய கோபம். எனக்கில்லை. 13ஆவதில் விழுந்தாலும் அடி அடிதான். ஆனால் அந்த 36 பேர் இன்னும் பட்டியலில் இருக்கிறார்கள், அதனால்தான் தாத்தாவும் பேரனும் அரைநாள் சண்டைபிடிக்க முடிந்தது.

என்னிடமிருந்த ஸ்கோர் புத்தகங்கள் பதினொன்று. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது றங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது பெட்டியே இல்லை. பாடசாலையில் இருந்தவற்றைக் கறையான் தின்றது. 1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்தவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் பழைய மாணவர் ஒருவர் தேடி வந்தார். 1974இல் தான் இலக்குகளைச் சாய்த்த ஆட்டத்தின் விபரம் வேண்டுமாம், மகனுக்குக் காட்ட. தலை முழுக்க நரைத்த மனிதர் வாசலில் நின்று கேட்டார்: “நாலா, அஞ்சா சேர்?” எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பொடி எழுத்திலென்றாலும் போடுங்கள். யார் எப்படி ஆட்டமிழந்தார், எத்தனை ஓட்டம், பந்துவீச்சாளர் எத்தனை ஓவர், எத்தனை இலக்கு, இவ்வளவும் போதும். அரைப் பத்திகூட வராது. விருந்தினரில் இரண்டு பேரை வெட்டினால் இடம் கிடைக்கும். எழுத ஆள் இல்லை என்றால், எங்கள் பக்கத்து மைதானங்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு நானே போய் எழுதி, அன்று மாலையே சைக்கிளில் கொண்டுவந்து உங்கள் அலுவலகத்தில் தருகிறேன். என் எழுத்து விளங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியன்,
கொக்குவில்.