ஏஐ தானாக எழுதும் குறிப்புக் கோப்பு: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பில் சென்ற வாரம் வந்த, மென்பொருள் அலுவலகங்களில் ஏஐ பற்றிய கட்டுரையைப் படித்தேன். பழைய புரோகிராம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏஐ உதவியாளர் அதை ஒருமுறை வாசித்து, தனக்கு வேண்டிய குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும், அதன்பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கூட முதல் நாளே வேலையில் இறங்கலாம் என்ற பொருளில் அதில் இருந்தது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங், ஜாப் ஒர்க் (துணியை வெளியே அனுப்பிச் செய்து வாங்கும் வேலை) கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய மொழியில் புரோகிராம் எழுதிய காலத்தில் சேர்ந்தவன் நான். இப்போது பிஎச்பி மொழி.

இந்தத் துறையில் இல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். ஏஐ உதவியாளருக்கு நேற்றுப் பேசியது இன்று பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை. அனேகமாக ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் வந்து உட்காரும். அதனால் புராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஒரு குறிப்புக் கோப்பை வைத்துவிடுவார்கள். வேலை தொடங்குமுன் அது அதைப் படித்துக்கொள்ளும். கிளாட் கோடு என்ற உதவியாளருக்கு ‘கிளாட் டாட் எம்டி’, ஜெமினிக்கு ‘ஜெமினி டாட் எம்டி’ என்று ஆளுக்கொரு பெயர் இருந்ததால், 2025-இல் ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ என்ற பொதுப் பெயர் பரவியது. உள்ளே இருப்பது வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து யாரும் படிக்கலாம், திருத்தலாம். கையால் எழுதப் பொறுமை இல்லாவிட்டால் கிளாட் கோடில் ‘இனிட்’ என்று ஒரு கட்டளை. ஃபோல்டர்களைத் துழாவி அதுவே எழுதிக் கொடுத்துவிடும். மற்ற கருவிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இந்த வசதி உண்டு.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கருவி என்று சொல்லப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். அது எழுதிக் கொடுத்த கோப்பைப் பார்த்து முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, டேட்டாபேஸ் டேபிள்கள் எவை, புரோகிராம் சரியா என்று பார்க்கும் டெஸ்டை ஓட்ட என்ன கட்டளை, எல்லாம் தலைப்புப் போட்டு அழகாக இருந்தது. நாங்கள் இத்தனை வருடமாக எழுதாத ஆவணம். அதன் நடுவில் ஒரு வரி: பழைய ஜிஎஸ்டி விகித அட்டவணை எங்கும் பயன்படுத்தப்படவில்லை, நீக்கலாம்.

ஆயத்த ஆடைக்கு வரி எப்படி மாறியது என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 12. செப்டம்பர் 22, 2025 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. புது அட்டவணை வந்துவிட்டது, பழையது எதற்கு என்று இயந்திரம் நினைத்ததில் தப்பில்லை. கோடில், அதாவது புரோகிராம் வரிகளில், தேடினாலும் அந்த அட்டவணையின் பெயர் வேறு எங்கும் கிடைக்காது. ஏனென்றால் புரோகிராம் ஓடும்போதுதான் தேதியைப் பார்த்து, அட்டவணையின் பெயரைத் துண்டுகளாக ஒட்டவைத்துக் கூப்பிடும். பழைய பாணி. அப்போது அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அந்த அட்டவணை உயிரோடு இருப்பது ஒரே ஒரு காரணத்துக்காக. மாற்றத்துக்கு முன் விற்ற சரக்கு பிறகு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டை (திரும்பிய சரக்குக்கான தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டை) மூல பில்லின் விகிதத்தில்தான் போட வேண்டும். ஆகஸ்டில் 1,400 ரூபாய்க்கு விற்ற ஜாக்கெட்டுக்கு வரி 168 ரூபாய். அது நவம்பரில் திரும்பினால் குறைக்க வேண்டியதும் அதே 168. புது விகிதத்தில் போட்டால் 70 ரூபாய்தான் குறையும். ஒரு ஜாக்கெட்டுக்கு 98 ரூபாய் கணக்கில் தொங்கும். புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி குறிப்பை நம்பி, உதவியாளரிடமே சொல்லி அட்டவணையை நீக்கிவிட்டார். ரிட்டர்னுக்கு டெஸ்ட் எழுதப்படவில்லை. மற்ற எல்லா டெஸ்டும் பாஸ். கடைசியில் பிடித்தது எந்தக் கணினியும் அல்ல, ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப்பிள்ளை அண்ணன். “ஏனுங்க, இந்த ரிட்டர்ன் பில்லு அஞ்சு பர்சன்ட்ல வந்திருக்குதே?” என்று போன் செய்தார்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கோடில் இருப்பதைத்தான் இயந்திரம் வாசித்தது. காரணம் கோடில் இல்லை. என் தலையிலும், வேலையை விட்டுப்போன ஒருவரின் நோட்டுப் புத்தகத்திலும், வாட்ஸப் உரையாடல்களிலும் கிடக்கிறது. டென்மார்க் கணினியியலாளர் பீட்டர் நவுர் (நிரல்மொழி இலக்கணம் எழுதும் பிஎன்எஃப் முறையில் உள்ள ‘என்’ இவர்தான்) 1985-லேயே இதை வாதிட்டிருக்கிறார்: புரோகிராமைப் பற்றிய அறிவு அதைக் கட்டியவர்களிடம் இருக்கிறது, காகிதத்தில் முழுதாக ஏறாது என்று. ஏஐ வந்ததால் அது பொய்யாகிவிடவில்லை.

இப்போது அந்தக் கோப்பில் பெரும்பகுதியை வெட்டிவிட்டோம். ஃபோல்டர் பட்டியல் போய்விட்டது. அதை இயந்திரம் வேண்டும்போது தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பும் வாசிக்கப்படுவதால் வீண் வரிகளுக்கும் டோக்கன் (ஏஐ எழுத்தைப் பிரித்து வாசிக்கும் சிறு துண்டு) செலவு உண்டு. அதைவிட மோசம், நூறு வரிக்கு நடுவில் முக்கியமான ஒன்று காணாமல் போவது. கோடைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவை மட்டும் மிச்சம். பழைய விகித அட்டவணையைத் தொடாதே, காரணம் இது. டெலிவரி சலான் எண் வரிசையில் இடைவெளி விழக்கூடாது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது சட்டம், அந்த எச்சரிக்கையை அணைக்காதே. ப்ளீச்சிங் போன துணி சாயத்துக்குப் போனதைவிட எடை கூடுதலாகக் குறைந்து வரும், அதைப் பிழை என்று திருத்தாதே. சில வரிகளைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன், புரிந்துகொள்கிறது. ஆங்கிலத்தைவிட டோக்கன் கூடுதலாகப் பிடிப்பதுதான் குறை.

இன்னொரு சங்கடம். இந்தக் கோப்பைத் தினமும் இரவில் தானாகவே புதுப்பிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். மனிதர் எழுதிய வரியும் இயந்திரம் எழுதிய வரியும் ஒரே கோப்பில் இருந்தால், காலையில் மனிதர் எழுதியது இருக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைத்து, மனிதர் எழுதியதை மேலெழுதத் தடை போடுவது அரை மணி நேர வேலை. அதைச் செய்ய ஆளில்லை. ஆனால் வேலையை விடுகிறவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டு வாங்கும் வழக்கத்தை மட்டும், “அதான் ஏஐ எழுதிடுதே” என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இதை நான் ஒரே இடத்தில் கேட்கவில்லை.

கட்டுரையாளரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கருவி நல்லது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன், வெறும் கோப்பிலிருந்து தொடங்குவதைவிட அது எழுதிய வரைவிலிருந்து தொடங்குவது எவ்வளவோ மேல். ஆனால் தங்கள் இணைப்பை இறுதியாண்டு மாணவர்களும் சிறு நிறுவன முதலாளிகளும் படிக்கிறார்கள். குறிப்புக் கோப்பை ஒருமுறை உருவாக்கினால் போதும் என்று அதில் வந்திருந்த வரிக்கு மட்டுமாவது அடுத்த வார இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர் (பெயர் வெளியிட வேண்டாம்),
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்.