வாய்ப்புண் வந்த பிள்ளைக்கு முதலில் தண்ணீர்

அன்புள்ள பெற்றோருக்கும், அப்பா மீன்பிடிக்கவும் அம்மா பாசி எடுக்கவும் கடலுக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா, அம்மாச்சிமாருக்கும் வணக்கம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது வாய்ப்புண் வந்திருக்கிறது. காலை உணவுக்குப் பொங்கலும் சாம்பாரும் வைத்தால் தட்டு அப்படியே இருக்கிறது. ஒரு வாய் வைத்துவிட்டு, விழுங்க முடியாமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சன்னல் வெளிச்சத்தில் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தால் மிளகு அளவில் வெள்ளைப் புண், சுற்றிலும் சிவப்பு. அதில் சாம்பார் பட்டால் பெரியவர்களுக்கே கண்ணில் நீர் வரும். அதனால் சாப்பிட மறுக்கும் பிள்ளையை அடம் பிடிக்கிறது என்று தயவுசெய்து அடிக்காதீர்கள். முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

ஒன்றிரண்டு புண் மட்டும் இருந்து, காய்ச்சல் இல்லாமல் பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மீன்முள் குத்தியிருக்கலாம், பல் கடித்திருக்கலாம், காரணமே தெரியாமலும் வரும். பெரும்பாலும் 7 முதல் 14 நாளில் தானாக ஆறிவிடும், மற்றவர்களுக்குத் தொற்றாது. இந்தப் பிள்ளைகளைத் தாராளமாகப் பள்ளிக்கு அனுப்பலாம். அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இரும்புச்சத்தோ பி12 வைட்டமினோ குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

காய்ச்சலோடு வாய் நிறையப் புண்ணும், உள்ளங்கை, உள்ளங்காலில் சிவந்த கொப்புளமும் சேர்ந்து வந்தால் அது வேறு. கை, கால், வாய் நோய் என்பது அதன் பெயர். வைரஸால் வருவது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம் வரும், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கும் வரும். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் சரியாகிவிடும். நம் ஊரில் கொப்புளத்தைப் பார்த்ததும் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை வைத்து, மருந்தே கொடுக்காமல் படுக்க வைத்துவிடுகிறோம். உங்கள் நம்பிக்கையில் நான் குறுக்கே வரவில்லை, வேப்பிலை இருக்கட்டும். ஆனால் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலிக்கு மருந்து இல்லாமல் அந்தப் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காது, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வாய்ப்புண்ணில் நான் அஞ்சுவது புண்ணை அல்ல, உடம்பில் நீர் வற்றிப்போவதை. இரண்டு நாள் சோறு குறைந்தால் பின்னால் ஈடுகட்டிவிடலாம். தண்ணீர் குறையக் கூடாது. ஒரு டம்ளரை நீட்டிக் குடி குடி என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சின்னக் கரண்டியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய் கொடுங்கள். இளநீர், ஆறவைத்த அரிசிக்கஞ்சி, புளிக்காத தயிரில் கரைத்த மோர், பால், எது இறங்குகிறதோ அது. நுங்கு கிடைத்தால் இளசாக வாங்கி மசித்துக் கொடுங்கள், குளிர்ச்சிக்கு வலி சற்று மரத்துப்போகும். குச்சி ஐஸும் நல்லதுதான், ஆனால் தெருவில் விற்பது எந்தத் தண்ணீரில் செய்ததோ தெரியாது. வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில் நீங்களே செய்துகொடுக்கலாம். மீன்குழம்பு, கருவாடு, ஊறுகாய், புளிப்புப் பழம் எல்லாம் ஆறும் வரை வேண்டாம். குழம்பு இல்லாமல் சோறு இறங்காத பிள்ளைக்கு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் காரமில்லாமல் வேகவைத்துக் குழைத்து ஊட்டிப் பாருங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் சிரப் போதும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் பிள்ளை கொஞ்சமாவது சாப்பிடும். அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலில் தம்பிக்கும் ஒரு மூடி ஊற்றுவது கூடாது. எத்தனை மி.லி. என்று சுகாதார நிலையத்தில் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது.

பாட்டிமாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது பழைய பழக்கம். வெங்காரம் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம், அதை விட்டுவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் வேண்டாம். உப்பையோ படிகாரத்தையோ புண்ணில் வைத்துத் தேய்ப்பதும் பிள்ளையை வதைப்பதுதான். துப்பத் தெரிந்த பிள்ளை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும், அது போதும்.

அப்புறம், கை கழுவுவது. குடம் குடமாகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீடுகளில் இதைச் சொல்லவே எனக்குத் தயக்கம்தான். வாங்கிய தண்ணீர் வேண்டாம், உவர்த் தண்ணீரே போதும். சோப்பு நுரைக்காவிட்டாலும் விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். கை, கால், வாய் நோயின் வைரஸ் எச்சிலில் மட்டுமல்ல, மலத்திலும் இருக்கிறது, புண் ஆறி வாரக்கணக்கான பிறகும் வெளிவரும். கால் கழுவிவிட்ட கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் அடுத்தது வீட்டுக் கைக்குழந்தைதான்.

எட்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, எது கொடுத்தாலும் குடிக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், ஈறு வீங்கி ரத்தம் வந்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

கை, கால், வாய் நோய் வந்த பிள்ளையைக் காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்த பிறகு அனுப்பினால் போதும். வருகைப்பதிவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், விட்டுப்போன பாடத்தை நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம். வகுப்பாசிரியருக்கு ஒரு போன் மட்டும் செய்துவிடுங்கள், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளைக் கவனிக்க எங்களுக்கு உதவும். பள்ளியில் ஒரே டம்ளரில் எல்லோரும் குடிப்பதை நிறுத்திவிட்டோம். நாளை முதல் பிள்ளையிடம் பெயர் எழுதிய தண்ணீர்பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். வாங்க முடியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி,
இராமநாதபுரம் மாவட்டம்.