‘பக்கம் மட்டும்’ என்பது தவறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணைய முடக்கம் பற்றிய கட்டுரையில், “அரசு ஆட்சேபிக்கும் பக்கம் மட்டுமே முடக்கப்படுகிறது, தளத்தின் மற்ற பகுதிகளுக்குப் பாதிப்பில்லை” என்று ஒரு வரி வந்திருந்தது. முடக்க உத்தரவுகளைச் செயல்படுத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரி தவறு. சின்னத் தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தகவலை மறையாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். முறையில் இயங்குவது தாங்கள் அறிந்ததே. அந்த முறையில் வாசகரின் கைபேசிக்கும் தளத்துக்கும் இடையே போவது ஒட்டிய உறை. உறையின் மேல் எழுதியிருக்கும் தளப் பெயர்தான் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். சாய்கோட்டுக்கு (/) பின்னால் வரும் பக்க முகவரி உறைக்குள் இருக்கிறது. உத்தரவுத் தாளில் முழு முகவரியும் இருக்கும். சேவை நிறுவனத்தின் முடக்கும் கருவியில் ஏற்றும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டுத்தான் ஏற்ற முடியும். ஒரு பக்கத்துக்கென்று வந்த உத்தரவு அந்த இடத்தில்தான் தளம் முழுவதன் மீதும் விழுகிறது.

இணையத்தில் தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் ஐ.பி. எண்ணை வைத்து முடக்கினால் இன்னும் மோசம். ஒரே எண்ணில் சம்பந்தமே இல்லாத எத்தனையோ தளங்கள் குடியிருக்கும். எல்லாம் சேர்ந்து போகும். இதில் வாசகருக்கு நேர்வது என்ன? “இந்தத் தளம் அரசு உத்தரவுப்படி முடக்கப்பட்டுள்ளது” என்ற அறிவிப்பு மறையாக்கம் இல்லாத பழைய எச்.டி.டி.பி. தளங்களில் வரும். இப்போது பெரும்பாலும் இணைப்பு அறுந்தது என்றோ சான்றிதழ் பிழை என்றோதான் திரையில் தெரியும். சர்வர் படுத்துவிட்டது என்று நினைத்து அவர் போய்விடுவார். தடை விதிக்கப்பட்டதே அவருக்குத் தெரியாது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

பழைய எச்.டி.டி.பி. முறையே பரவலாக இருந்து, பக்கத்தை மட்டும் முடக்க வழி இருந்த காலத்திலும் அதைச் செய்யவில்லை. 2012-ல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவைக் காட்டி காணொளித் தளமான விமியோ, உரை பகிரும் தளமான பேஸ்ட்பின் போன்றவற்றை முழுதாக முடக்கினார்கள். குறிப்பிட்ட முகவரியை மட்டுமே முடக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று அந்த ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் 32 முகவரிகள் கொண்ட பட்டியலில் ஆர்க்கைவ் டாட் ஆர்க் போன்ற பொது நூலகமும் போயிற்று. 2025 பிப்ரவரியில் ஒரே ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முழுவதும் திறக்காமல் போனதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கார்ட்டூன் இருந்த பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று உயர் நீதிமன்றம் சொன்னது. பக்கத்தை மட்டும் நீக்கும் சாவி தளத்தை நடத்துபவரிடம்தான் இருக்கிறது. முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம்.

இணையத் தகவலை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி 2009-ல் வந்த விதிகளும் இதையே சொல்கின்றன. 8-ஆம் விதியின்படி பதிவிட்டவருக்கோ அதைத் தாங்கும் நிறுவனத்துக்கோ நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். அவசரநிலை என்று 9-ஆம் விதியைக் காட்டினால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். 16-ஆம் விதி எல்லாவற்றையும் ரகசியம் ஆக்கிவிடுகிறது. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் இணையப் பதிவுகளுக்குத் தண்டனை தந்த 66ஏ பிரிவை அடித்துவிட்டு 69ஏ பிரிவை நிற்க விட்டதே, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பது போன்ற பாதுகாப்புகள் அதில் இருப்பதாகச் சொல்லித்தான். கையில் கிடைக்காத உத்தரவை எதிர்த்து யார் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

அதே கட்டுரையில் “ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் கண்காணிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2007-ல் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு பொறியாளரிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. அன்றைய சமூக வலைதளமான ஆர்குட்டில் மராட்டிய மன்னர் சிவாஜி பற்றி வந்த படத்துக்காக, வேறொருவருடைய ஐ.பி. விவரம் அவர் பெயரில் சேர்ந்து 50 நாள் சிறையில் இருந்தார். இன்று அந்த ஆபத்து கூடியிருக்கிறது. கைபேசி இணையத்தில் ஒரே ஐ.பி. எண்ணைப் பல நூறு பேர் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள். யார் என்று சொல்ல வேண்டுமானால் எண்ணோடு, ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும். காவல்துறை விவரம் கேட்டு அனுப்பும் கடிதத்தில் போர்ட் எண் இல்லையென்றால் கிடைப்பது ஒரு கும்பலின் பட்டியல்தான். சர்வர் பதிவு உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளி யாரோ ஒருவர் மாட்டுவார்.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தளம் திறக்கவில்லை என்றால் “தொழில்நுட்பக் கோளாறு” என்று எழுதிவிட வேண்டாம். வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு இணைப்புகளில் அதே முகவரியைத் திறந்து பார்க்கட்டும். பிறகு ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ பகுதிக்குப் போய் டி.என்.எஸ். டாட் கூகுள் (dns.google) என்று கொடுத்து மீண்டும் திறக்கட்டும். இப்போது திறந்தால், தளப் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். என்ற இடத்திலேயே தடுத்திருக்கிறார்கள். அப்போதும் இணைப்பு அறுந்தால், பெரும்பாலும் உறையின் மேலுள்ள பெயரைப் பார்த்து வெட்டுகிறார்கள். வெளிநாட்டிலும் திறக்கவில்லை என்றால் மட்டும் தளத்தின் கோளாறு என்று எண்ண இடமுண்டு. நேரம், நிறுவனம், திரையில் வந்த பிழை வாசகம் மூன்றையும் குறித்து வைத்தால் நீதிமன்றத்தில் அது ஆதாரமாகும்.

இத்தனை சொல்லிவிட்டு நான் கேட்பது சிறியது. ‘பக்கம் மட்டும்’ என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஒரு வலையமைப்புப் பொறியாளர்