கோயில் நிக்குது சரி, தெரு எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுல எங்க டர்பன் கோயில்களப் பத்தி போன வாரம் நம்ம பேப்பர்ல வந்த கட்டுரையப் படிச்சேன். கோபுரம், சுதைச் சிலை, கோயில் கட்டின கிஸ்தப்பா ரெட்டியோட கைவேலை எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா அந்தக் கோயிலச் சுத்தி இருந்த வீடுங்களப் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் மனசு கேக்காம எழுத உக்காந்துட்டேன். (நான் தமிழ் படிச்சது சாயங்கால வெர்னாகுலர் கிளாஸ்ல, தப்பு இருந்தா நீங்களே திருத்திப் போட்டுக்கோங்க.)

நான் பொறந்து வளந்தது கிளேர்வுட்ல, டவுனுக்குத் தெக்கால. 1860 நவம்பர் 16-ஆம் தேதி நம்ம சனங்கள ஒப்பந்தக் கூலியா ஏத்திக்கிட்டு மொதல்ல வந்த ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து 342 பேரோட வந்து நின்னுச்சுன்னு வருஷா வருஷம் மேடை போட்டுப் பேசுறோம், சரி. கரும்புத் தோட்டத்துல அஞ்சு வருஷ ஒப்பந்தம் முடிச்சவங்க அப்புறம் எங்க போய் குடியிருந்தாங்க, என்ன வீடு கட்டினாங்கன்னு யாரு பேசுறா? அவங்கள்ல நெறைய பேர் இந்த மாதிரி ஓரமா கெடந்த தாழ்வான ஈர நெலத்த வாடகைக்கோ வெலைக்கோ எடுத்து காய்கறி போட்டு விடியறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குக் கொண்டு போனவங்க, எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர்.

எங்க வீடு பலகையும் தகரமும்தான். இப்ப பாக்குறவங்க இது என்ன குடிசை, இதுக்குப் போய் பாரம்பரியம்னு பேரான்னு சிரிக்கிறாங்க. ஏன் பலகை? அப்ப நெலம் நம்மளது இல்ல, என்னைக்குக் கெளம்பச் சொல்லுவாங்கன்னு தெரியாது, அதனால கழட்டி வண்டில ஏத்திட்டுப் போற மாதிரி கட்டினாங்க. அந்தப் பயமே ஒரு சரித்திரம் இல்லியா? முன்னால வராண்டா, உள்ள நுழைஞ்ச ஒடனே காமாட்சி விளக்கு மாடம், அப்புறம் ஒரு மவனுக்குக் கல்யாணம் ஆனா பின்னால ஒரு ரூம் நீளும், அடுத்தவனுக்கு இன்னொன்னு, அப்படியே ரயில்பெட்டி மாதிரி கொல்லை வரைக்கும் போகும். எத்தன ரூம்னு எண்ணினா எங்க ஆயாவுக்கு எத்தன மருமகள்னு சொல்லிடலாம். சமையலுக்கு வெளிய தனித் தகரக் கொட்டகை, அதுக்குப் பக்கத்துல கறிவேப்பிலை, முருங்கை, மாமரம், கூழ் ஊத்துற மாசத்துல வேப்பிலை கெடைக்காம சிரிங்கா மரத்து எலையக் கட்டினது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. இதெல்லாம் எந்த ஆர்க்கிடெக்ட்டும் பிளான் போட்டது கெடையாது, ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்துச்சோ அதுவே பிளான்.

1932ல டர்பன் எல்லைய விரிச்சு இந்தத் தெக்குப் பக்கத்தையெல்லாம் உள்ள இழுத்ததுலேர்ந்தே, இது ஃபேக்டரிக்கு ஏத்த எடம்னு ஒரு கண்ணு இருந்துகிட்டே இருக்கு. துறைமுகம் பக்கம், ரயில் பக்கம், அப்ப வேற என்ன தோணும். இப்ப கிளேர்வுட் குதிரைப் பந்தய மைதானமே கோடவுன் ஆயிடுச்சு. எங்க பழைய வீட்டுக்கு அடுத்த வீட்ட ஒரு கம்பெனிக்காரங்க வாங்கி (பேர் வேணாம்) ஒரே சனி ஞாயிறுல இடிச்சுத் தள்ளி கன்டெய்னர் லாரி நிறுத்துற எடமா ஆக்கிட்டாங்க, பர்மிட் இருக்கான்னு கேக்கப் போன எங்க அண்ணன ஒரு கவுன்ட்டர்லேர்ந்து இன்னொரு கவுன்ட்டருக்கு அலைய விட்டதுதான் மிச்சம்.

சட்டம் இல்லாம இல்ல சார். 1999-ஆம் வருஷத்து தேசியப் பாரம்பரியச் சட்டம் 34-ஆவது பிரிவுல, 60 வருஷத்துக்கு மேல பழசான கட்டடத்த மாகாணப் பாரம்பரிய அமைப்போட பர்மிட் இல்லாம இடிக்கவோ மாத்தவோ கூடாதுன்னு இருக்கு, எங்க மாகாணத்துல அது அமாஃபா. ஆனா பாருங்க, ஒவ்வொரு வீடா தனித்தனியா எடுத்துப் பாத்தா எங்க வீடு ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல, அஞ்சு நிமிஷத்துல இதுல என்ன இருக்குன்னு எழுதி முடிச்சிடலாம். தெருவோட சேத்துப் பாத்தாத்தான் அதுக்கு மதிப்பு. அதுக்கும் அதே சட்டத்துல 31-ஆவது பிரிவு இருக்கு, உள்ளூர் நிர்வாகம் ஒரு ஏரியாவையே பாரம்பரியப் பகுதின்னு அறிவிக்கலாம். கேப் டவுன்ல போ-காப் சனங்க 2018ல ரோட்ல எறங்கிப் போராடினாங்க, 2019ல நகரசபை அந்த ஏரியாவுக்கே பாதுகாப்பு வளையம் போட்டுச்சு, அதே வருஷம் 19 எடத்த தேசியப் பாரம்பரியச் சின்னம்னும் அறிவிச்சாங்க. அவங்க கலர் கலரா பெயின்ட் அடிச்சிருக்காங்க, டூரிஸ்ட் வர்றாங்க, எங்க தகரத்துல துருதான் கலர்னு எங்க அண்ணன் சொல்லுவாரு.

வீடு போய் கோயில் மட்டும் நின்னா எப்படி இருக்கும்னு தெரியணும்னா, டர்பன்லயே இருக்குற கேட்டோ மேனர் ஏரியா கதையக் கேளுங்க. 1958ல வெள்ளக்காரங்க ஏரியான்னு அறிவிச்சு, கொஞ்ச வருஷத்துல நம்ம சனம், ஆப்பிரிக்க சனம் ரெண்டு பேரையும் காலி பண்ணாங்க, நம்மாளுங்க நெறைய பேர் இந்தியருக்குன்னு கட்டின சாட்ஸ்வொர்த்ல நம்பர் போட்ட யூனிட்டுக்குப் போனாங்க. வீடெல்லாம் மண்ணோட மண்ணா ஆகி நெலம் வருஷக்கணக்கா சும்மாவே கெடந்துச்சு. கோயில் மட்டும் நின்னுச்சு. 1905 வெள்ளத்துல போன உம்பிலோ ஆத்தங்கரை அம்பலவாணர் கோயிலத்தான் 1947ல அங்க திரும்ப எழுப்பினாங்க, பழசுலேர்ந்து தப்பிச்ச கதவக் கூட விடாம எடுத்துப் போட்டாங்க, 1980ல அதுக்குத் தேசியச் சின்னம்னு பட்டமும் குடுத்தாங்க. அக்கம்பக்கத்துல வெளக்கேத்த ஒரு வீடு இல்லாத கோயிலுக்குப் பட்டம். தீமிதிக்கு சனம் சாட்ஸ்வொர்த்லேர்ந்து பஸ் ஏறி வந்துட்டு திரும்பிப் போகும். கோயில் இல்லாத ஊர்ல குடியிருக்க வேண்டாம்னு பெரியவங்க சொன்னாங்க, குடியே இல்லாத ஊர்ல சாமி மட்டும் தனியா இருக்கலாமான்னு அவங்க யோசிக்கவே இல்ல போல, அப்படி ஒண்ணு நடக்கும்னு அவங்களுக்குத் தெரியுமா என்ன.

கிளேர்வுட்லயும் இப்ப அதே வழிதான். சர்தார் ரோட்ல சிவ சுப்ரமணியர் கோயில் நல்லா இருக்கு, யாரும் கை வைக்க மாட்டாங்க. ஆனா காவடி எடுத்துக்கிட்டு வர்ற தெருவுல, முன்ன வீட்டுக்கு வீடு வாசல்ல தண்ணி ஊத்தி மஞ்சத் தண்ணில கால் கழுவி விடுவாங்க, இப்ப லாரி ரிவர்ஸ் எடுக்குற வரைக்கும் காவடிக்காரர் நின்னு வழி விட வேண்டியிருக்கு. எங்க சனங்க மேலயும் தப்பு இருக்கு, நல்ல வெலை வந்தா வித்துட்டுப் போயிடுறோம். நாங்களும்தான் வித்தோம். பக்கத்துல லாரி யார்டு வந்தப்புறம் தூசில ஆயாவுக்கு மூச்சு விட முடியல, வேற என்ன பண்றது.

அடுத்த தைப்பூசத்துக்கு உங்க நிருபர் யாராவது வந்தா, காவடியப் போட்டோ எடுத்து முடிச்சதும் கேமராவ அப்படியே தெருப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. எங்க பெரிய அத்தை வீட்டு மாமரம் மட்டும் இன்னும் நிக்குது, ரெண்டு லாரிக்கு நடுவுல.

இப்படிக்கு,
பழைய கிளேர்வுட்காரன்,
டர்பன், தென்னாப்பிரிக்கா